அந்தரங்கச் செய்தி செயலியை லினக்ஸில் நிறுவ ஒவ்வொரு பூட்டாகக் கழற்றச் சொல்கிறார்கள்: வேறு வழி இருக்கிறதா?

வாசற்படி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் மடிக்கணினியில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. கைபேசியில் எழுத்து சிறிதாக இருக்கிறது, செய்திகளைப் பெரிய திரையில் படிக்க வழி செய் என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத முறை) உள்ள ஒரு செயலியில்தான் பேசிக்கொள்கிறோம். எல்லாரையும் அதற்கு மாற்றியது நான்தான். பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. தேடிப் பார்த்ததில் இதே சிக்கல்கள் பல செயலிகளுக்கும் இருக்கின்றன.

பத்து நிமிட வேலை என்று நினைத்துக் காலையில் உட்கார்ந்தேன். விளக்கு வைக்கும் நேரமாகியும் முடியவில்லை.

முதலில் ஆப்ட் வழி, அதாவது உபுண்டுவில் மென்பொருள் பொதிகளைக் களஞ்சியம் என்ற இணையத் தொகுப்பிலிருந்து இறக்கி நிறுவும் கருவி. பொதி உண்மையானதா என்று அது கையொப்பத்தைச் சோதிக்க, உருவாக்கியவரின் பொதுச் சாவி வேண்டும். நான் பார்த்த வழிகாட்டி பழையது, ஆப்ட்-கீ கட்டளையைப் போடச் சொன்னது. அது காலாவதியானது என்று எச்சரிக்கை வந்தது. வேறொரு வழிகாட்டியைப் பார்த்துச் சாவியைத் தனிக் கோப்பாக வைத்தேன். இப்போது பொதுச் சாவி கிடைக்கவில்லை என்ற பிழை. அதற்குத் தீர்வு தேடினால், களஞ்சிய வரியில் 'ட்ரஸ்டட்' என்பதற்கு 'யெஸ்' போடு, சரியாகிவிடும் என்றார் ஒருவர். அது கையொப்பச் சோதனையையே நிறுத்துவது என்று படித்ததும் அதைத் தொடவில்லை.

அடுத்து ஆப்இமேஜ், அதாவது நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பு. இருமுறை சொடுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. முனையத்தில் ஓட்டினால், அதற்குத் தேவையான லிப்ஃபியூஸ் என்ற துணை நிரல் இல்லை என்றது. யாரோ சொன்னதைக் கேட்டு ஃபியூஸ் என்ற பொதியை நிறுவப் போனேன். எந்தெந்தப் பொதிகள் நீக்கப்படும் என்று ஒரு நீளப் பட்டியல் வந்தது. நல்லவேளை, அதைப் படித்துவிட்டு நிறுத்தினேன். சரியான பொதியைக் கண்டுபிடித்துப் போட்ட பிறகு, சாண்ட்பாக்ஸ் (செயலியை அடைத்து வைக்கும் காவல்) சரியாக அமைக்கப்படவில்லை என்று சொல்லிச் செயலி நின்றுவிட்டது. இதற்கு இணையத்தில் ஐந்து இடத்தில் ஒரே பதில்: 'நோ-சாண்ட்பாக்ஸ்' சேர்த்து ஓட்டு.

கடைசியாக ஃப்ளாட்பேக், அதாவது எந்த லினக்ஸிலும் ஓடும்படி செயலியைத் தனிப் பெட்டியில் தரும் முறை. அது உடனே வேலை செய்தது. ஆனால் மென்பொருள் பக்கத்தில், இதை உருவாக்கியவர்கள் சரிபார்க்கவில்லை என்ற குறிப்பு இருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாவின் கணக்கை இணைக்கக் கை வரவில்லை.

என் வருத்தம் நேரம் போனது பற்றி அல்ல. மூன்று வழியிலும், உள்ளே போக வேண்டுமானால் ஏதாவது ஒரு பூட்டைக் கழற்று என்கிறார்கள். பாதுகாப்புக்காக நிறுவுகிற செயலிக்கே இந்த நிலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, "ஏம்மா, இது பத்திரமான செயலின்னு சொன்னியே, அப்புறம் ஏன் ஒவ்வொண்ணா நிறுத்தச் சொல்லுது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எதையும் கழற்றாமல் நிறுவ வழி இருக்கிறதா?

---

சாவிக்கொத்து

ட்ரஸ்டட் யெஸ் போடாம நின்னீங்க பாருங்க, அது பெரிய விஷயம். முதல் சிக்கலை மட்டும் நான் எடுத்துக்கிறேன்.

ஆப்ட்-கீ கட்டளையை ஏன் கைவிட்டாங்கன்னா, அதில் சேர்த்த சாவியை எல்லாக் களஞ்சியத்துக்கும் பொதுவா நம்பிடும். அரட்டைச் செயலிக்காகச் சேர்த்த சாவி, கணினியோட அடிப்படைப் பொதிக்கும் செல்லுபடியாகும். இப்போ உள்ள முறையில் சாவிக் கோப்பைத் தனியா வச்சு, களஞ்சிய வரியில் 'சைன்ட்-பை' போட்டு அந்தக் கோப்பைக் காட்டுவோம். அந்தச் சாவியை அந்த ஒரு களஞ்சியத்துக்கு மட்டும்தான் ஏற்கும்.

சாவி இருந்தும் 'கிடைக்கவில்லை'ன்னு வர்றதுக்கு நான் அடிக்கடி பார்க்கிற காரணம் ரெண்டு. சாவிக் கோப்பு எழுத்து வடிவத்திலும் வரும், இரும வடிவத்திலும் வரும். எழுத்து வடிவத்தில் இருக்கிறதை 'ஜிபிஜி'ன்னு முடியற பெயரில் சேமிச்சா ஆப்ட்டுக்குப் படிக்கத் தெரியாது. டீ-ஆர்மர் செய்து இரும வடிவமாக்கணும், இல்லேன்னா 'ஏஎஸ்சி'ன்னு முடியற பெயர் கொடுக்கணும். இன்னொண்ணு கோப்பு அனுமதி. ஆப்ட் தனக்குன்னு ஒரு தனிப் பயனர் பெயரில்தான் சாவியைப் படிக்கும். ரூட் (கணினியோட முழு அதிகாரப் பயனர்) மட்டும் படிக்கிற மாதிரி கோப்பு இருந்தா, பக்கத்திலேயே இருந்தாலும் இல்லாத மாதிரிதான். எல்லாரும் படிக்க அனுமதி கொடுங்க. அது பொதுச் சாவிதான், ரகசியம் இல்லை.

சிக்னல்ங்கிற செய்திச் செயலியை நிறுவப் போறவங்களுக்கு ஒரு குறிப்பு. அதோட களஞ்சிய வரியில் ரொம்ப வருஷமா 'ஜெனியல்'னு இருக்கும். அது உபுண்டு 16.04-ஓட பெயர். பழசுன்னு நினைச்சு நம்ம பதிப்போட பெயரைப் போட்டா, வெளியீட்டுக் கோப்பு இல்லைன்னு பிழை வரும். அங்கே அது வெறும் பெயர்ப்பலகை. அப்படியே விட்டுடுங்க.

---

நீலத்திரை

இவ்வளவு எதுக்கு? டெலிகிராம் இறக்கி அவிழ்த்தா போதும். திறந்தா ஓடுது. எந்த விநியோகமா (உபுண்டு மாதிரி லினக்ஸ் தொகுப்பா) இருந்தாலும் சரி.

---

சாவிக்கொத்து

ஓடும், மறுக்கலை. ஆனா அவங்க கேட்டது முனைக்கு முனை மறையாக்கம். டெலிகிராமில் சாதாரண உரையாடல் அப்படி இல்லை, சர்வரில் இருக்கும். ரகசிய உரையாடல்னு தனியா திறந்தால்தான் முனைக்கு முனை. லினக்ஸில் நாம போடுற டெலிகிராம் டெஸ்க்டாப்பில் அந்த வசதியே கிடையாது.

---

நீலத்திரை

இது எனக்குத் தெரியாது. இத்தனை நாளா எல்லாமே பூட்டியிருக்குன்னு நினைச்சிட்டு இருந்தேன். நன்றி.

அப்போ உலாவியிலேயே திறந்தால் என்ன? நிறுவவே வேண்டாமே.

---

கட்டளைவரி

எல்லாச் செயலிக்கும் அந்த வசதி இல்லை. சிக்னலுக்கு உலாவிப் பதிப்பு கிடையாது. எலிமென்ட் என்ற செய்திச் செயலிக்கு உண்டு. வாட்ஸ்அப் லினக்ஸுக்கென்று தனிச் செயலி தரவில்லை, உலாவி ஒன்றே வழி.

வசதி இருக்கிற இடத்திலும் ஒரு கேள்வி எழுகிறது. நிறுவிய செயலியில் மறையாக்கம் செய்யும் நிரல் உங்கள் வட்டில் கிடக்கிறது, கையொப்பத்தோடு வந்தது, எல்லாருக்கும் ஒன்றே. உலாவியிலோ அந்த நிரலைச் சர்வர் அனுப்பி வைக்கிறது. ஒரே ஒருவருக்கு மட்டும் மாற்றி அனுப்பினால் அவருக்குத் தெரிய வழியில்லை. இதற்காகத்தான் 2022 மார்ச்சில் வாட்ஸ்அப் 'கோட் வெரிஃபை' என்ற உலாவி நீட்சியை வெளியிட்டது. உங்களுக்கு வந்த நிரலும் மற்றவர்களுக்குப் போனதும் ஒன்றா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. அப்படி ஒரு நீட்சி தேவைப்பட்டது என்பதே இந்தக் கவலை வெறும் கற்பனை அல்ல என்று காட்டுகிறது.

---

பொதிகட்டி

ஓய்வு நேரத்தில் ஒரு விநியோகத்துக்குப் பொதி கட்டிக் கொடுப்பவன் நான். வாசற்படி, உங்கள் பதிவைப் படித்தபோது எங்கள் பக்கத்துக் குறையாகவும் அது பட்டது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

சாண்ட்பாக்ஸ் பிழை முதலில். இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டியவை, அதாவது உள்ளே ஒரு குரோமியம் உலாவி ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் படம், இணைப்பு முன்னோட்டம், உரை எல்லாவற்றையும் அது ஒரு சிறைக்குள் வைத்துத்தான் திறக்கிறது. அந்தச் சிறையைக் கட்ட லினக்ஸில் இரண்டு வழி: சாதாரணப் பயனரே உருவாக்கும் பயனர் பெயர்வெளி (தனிமைப்படுத்திய ஒரு சூழல்), அல்லது ரூட் உரிமையோடு ஓடும் ஒரு சின்ன உதவி நிரல்.

உபுண்டு 24.04-இல் முதல் வழியை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு மூலம் இயல்பாகவே கட்டுப்படுத்திவிட்டார்கள். அதற்கும் நியாயமான காரணம் உண்டு. கெர்னலில் (லினக்ஸின் உட்கருவில்) உள்ள ஓட்டைகள் பலவற்றைத் தாக்க அந்தப் பெயர்வெளிதான் வாசலாக இருந்தது. இரண்டாவது வழிக்கு அந்த உதவி நிரலின் உரிமையாளர் ரூட்டாகவும் அனுமதி 4755 ஆகவும் (யார் ஓட்டினாலும் ரூட் உரிமையோடு ஓடும்படி) இருக்க வேண்டும். ஆப்இமேஜோ பயனர் தாமே ஏற்றும் ஒரு கோப்பு, அதற்குள் ரூட் உரிமை செல்லாது. ஆக இரண்டு வாசலும் அடைபட்டு, நீங்கள் பார்த்த பிழை வருகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. இரண்டு நல்ல பாதுகாப்புகள் ஒன்றின் மேல் ஒன்று மோதுகின்றன. இடையில் அகப்பட்டது நீங்கள்.

ஆனால் 'நோ-சாண்ட்பாக்ஸ்' போடவே போடாதீர்கள். குறிப்பு எழுதும் செயலியில் போட்டாலாவது உள்ளே வருவது உங்கள் சொந்த எழுத்து. செய்தி செயலியின் வேலையே அடுத்தவர் அனுப்புவதைத் திறப்பது. யார் எதை அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. சிறை மிக அதிகமாகத் தேவைப்படுவது இங்கேதான். ஆப்இமேஜைத்தான் பயன்படுத்துவேன் என்றால், அந்த ஒரு கோப்புக்கு மட்டும் பயனர் பெயர்வெளியை அனுமதிக்கும் ஆப்ஆர்மர் விதிக் கோப்பு ஒன்றை எழுதலாம். நாலைந்து வரிதான். கணினி முழுக்கக் கட்டுப்பாட்டை நீக்கும் கட்டளையும் சிலர் தருவார்கள், அதைத் தவிருங்கள்.

ஆப்ட் நிறுவும் டெப் பொதிக்கு இந்தத் தொல்லை இல்லை. நிறுவும்போதே உதவி நிரலுக்கு அனுமதியைப் போட்டுவிடும், அல்லது ஆப்ஆர்மர் விதியைச் சேர்த்துவிடும். அதனால் உங்கள் நிலையில் நான் சாவிக்கொத்து சொன்ன வழியிலேயே போவேன். அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சைன்ட்-பை நல்லதுதான், ஆனால் அதுவே முழுக் காவல் ஆகாது. டெப் பொதிக்குள் இருக்கும் நிறுவல் நிரல் ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது. வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்ப்பது, அதை நடத்துபவர்களிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். செய்தியை அவர்களை நம்பித்தான் அனுப்புகிறோம் என்பதால் இதையும் நம்புகிறோம்.

"விநியோகத்திலேயே ஏன் தரக்கூடாது" என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆர்ச் என்ற விநியோகம் தருகிறது, அதன் களஞ்சியத்திலேயே சிக்னல் டெஸ்க்டாப் இருக்கிறது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் கடினம். அங்கே மூலநிரலிலிருந்து கட்ட வேண்டும், கட்டும்போது இணையத்தைத் தொடக்கூடாது. எலக்ட்ரான் செயலி கட்டும்போது ஏராளமான சார்பு நிரல்களை இணையத்திலிருந்து இழுக்கிறது. சிக்னலில் மறையாக்கத்துக்கான லிப்சிக்னலும் அழைப்புகளுக்கான ரிங்ஆர்டிசியும் ரஸ்ட் மொழியில் தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பிரித்துக் கட்ட வேண்டும். போதாததற்கு, சிக்னல் டெஸ்க்டாப்பின் ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதியாகிவிடும். டெபியன் நிலைப்பதிப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. இரண்டின் நடையும் ஒத்துவராது.

---

மேகமூட்டம்

ஃப்ளாட்பேக் பக்கம் நின்று நான் கொஞ்சம் பேச வேண்டும். 'சரிபார்க்கப்படவில்லை' என்றால் போலி என்று பொருள் இல்லை. ஃப்ளாட்பேக்குகளைத் தரும் ஃப்ளாட்ஹப் தளத்தில் 2023 முதல் அந்த அடையாளம் இருக்கிறது. உருவாக்கியவரே வந்து தம் செயலி என்று நிரூபித்தால் குறி கிடைக்கும். சிக்னலின் ஃப்ளாட்பேக் தன்னார்வலர்கள் பராமரிப்பது, ஆகவே குறி இல்லை. ஆனால் அதன் கட்டுமானக் கோப்பு எல்லாரும் படிக்கும்படி இருக்கிறது. அதிகாரப்பூர்வ டெப் பொதியையே எடுத்து, அதன் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டு, உள்ளிருப்பதை வேறு பெட்டியில் வைக்கிறார்கள். கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள முடியும்.

பொதிகட்டி சொன்ன ரூட் கவலையும் இதில் இல்லை. பயனர் அளவிலேயே நிறுவலாம். எந்தெந்தக் கோப்புறையைச் செயலி தொடலாம் என்பதை ஃப்ளாட்சீல் என்ற கருவியை வைத்துக் குறைக்கலாம். என் கணினியில் பதிவிறக்கக் கோப்புறையைத் தவிர எதுவும் அதற்குத் தெரியாது. குரோமியத்தின் சிறையும் காணாமல் போவதில்லை. ஸிபேக் என்ற துணை நிரல் அந்தப் பொறுப்பை ஃப்ளாட்பேக்கின் சிறைக்கு மாற்றிவிடுகிறது.

---

பொதிகட்டி

ஏற்கிறேன். நம்ப வேண்டிய ஆட்கள் கூடுகிறார்கள் என்பது ஒன்றே என் தயக்கம். உருவாக்கியவர்களோடு, இடையில் பெட்டி கட்டுபவரையும் நம்ப வேண்டும். அவரும் என்னைப் போல ஓய்வு நேரத்தில் உழைப்பவர்தான். அவர் களைத்துப்போய் ஒதுங்கினால் அடுத்து அந்த இடத்துக்கு யார் வருவார் என்பது பயனருக்குத் தெரியாது. இன்றைக்குப் படித்துப் பார்த்த கட்டுமானக் கோப்பு நாளைக்கும் அப்படியே இருக்கும் என்ற உறுதி இல்லை, அப்பா அதைப் போய்ப் படிக்கவும் மாட்டார்.

---

மேகமூட்டம்

அது உண்மைதான். எனக்காக ஃப்ளாட்பேக்கைத் தேர்வேன், அவருடைய அப்பாவுக்காக யோசிப்பேன்.

---

கட்டளைவரி

நிறுவிய பிறகு வருகிற ஒன்றைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அடி விழுந்தது அங்கேதான்.

க்னோம் திரைச்சூழலிலிருந்து கேடிஇ என்ற வேறொரு திரைச்சூழலுக்கு மாறினேன். நான் பயன்படுத்திய செயலி, தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை என்று நின்றது. பயந்துபோய் 'தரவை அழி' என்ற பொத்தானை அழுத்திவிட்டேன். இரண்டு வருட உரையாடல் போனது. அதில் இப்போது இல்லாத ஒருவரின் செய்திகளும் இருந்தன. பிறகுதான் காரணம் தெரிந்தது, அழித்திருக்கவே வேண்டியதில்லை.

எலக்ட்ரான் செயலி தன் தரவுத்தளச் சாவியைத் திரைச்சூழலின் சாவிப்பெட்டகத்தில் (கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் இடத்தில்) வைக்கிறது. க்னோமில் லிப்சீக்ரெட், கேடிஇ-யில் கேவாலட். எந்தச் சூழல் ஓடுகிறது என்று பார்த்து அதுவே பெட்டகத்தைத் தேர்ந்துகொள்ளும். சூழல் மாறினால் வேறு பெட்டகத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சாவி இல்லை என்கிறது. பழைய பெட்டகத்தில் சாவி பத்திரமாகத்தான் இருக்கிறது. 'பாஸ்வேர்ட்-ஸ்டோர்' என்ற கட்டளைக் குறியில் பழைய பெட்டகத்தின் பெயரைக் கொடுத்து ஓட்டியிருந்தால் திறந்திருக்கும். ஐ3, ஸ்வே போன்ற எளிய சாளர மேலாளர்களில் இருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். எந்தப் பெட்டகமும் கண்ணில் படாவிட்டால் சாவிக்கு உண்மையான பாதுகாப்பு இல்லாத வெறும் எழுத்து முறைக்கு எலக்ட்ரான் போய்விடும்.

பெட்டகமே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. சிக்னல் டெஸ்க்டாப்பில் 2024 வரை தரவுத்தளச் சாவி ஒரு அமைப்புக் கோப்பில் வெறும் எழுத்தாகவே கிடந்தது. அந்த ஆண்டு எதிர்ப்பு வலுத்த பிறகுதான் பெட்டகத்துக்கு மாற்றினார்கள். மாற்றியது சரி. ஆனால் பிழை வந்து நிற்கும் ஒருவர் முன்னால் அழிக்கும் பொத்தானை வைப்பது சரியில்லை. பிழைத் திரை வந்தால் எந்தப் பொத்தானையும் தொடாமல், செயலியின் அமைப்புக் கோப்புறையை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு தேடலாம்.

---

நீலத்திரை

படிக்கவே கஷ்டமா இருக்கு. அந்தச் செய்திகளுக்காக வருந்துறேன்.

---

ஓசையின்றி

எக்ஸ்எம்பிபி என்ற திறந்த செய்தி முறையின் பக்கம் யாரும் போகவில்லையே? அதற்கான செயலிகளான டினோ, கஜிம் இரண்டுமே டெபியன், உபுண்டு களஞ்சியத்திலேயே இருக்கின்றன. வெளிச் சாவி தேவையில்லை, எலக்ட்ரான் இல்லை, ஓமெமோ என்ற முனைக்கு முனை மறையாக்கம் உண்டு. கைபேசி எண்ணும் கேட்காது. மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு திறந்த முறை வேண்டுமென்றால் ஃப்ராக்டல், என்ஹெகோ என்ற செயலிகள் இருக்கின்றன. வாசற்படி கேட்ட 'எதையும் கழற்றாமல்' என்பதற்கு மிக நேரான பதில் இதுதான்.

---

வாசற்படி

உண்மை, டினோவை நிறுவிப் பார்த்தேன், ஒரே கட்டளையில் வந்துவிட்டது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஆனால் அதில் அப்பாவிடம் பேச யாரும் இல்லை. அத்தை, சித்தப்பா எல்லாரையும் ஒருமுறை இடம் மாற்றியதே பெரும்பாடு. இன்னொரு முறை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

---

ஓசையின்றி

புரிகிறது. நானும் அங்கே மூன்று பேரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

---

வாசற்படி

முடிந்தது. எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

டெப் வழியிலேயே போனேன். சாவிக்கொத்து சொன்ன இரண்டு காரணமும் என்னிடம் இருந்தன. கோப்பு எழுத்து வடிவம், பெயர் ஜிபிஜி, அனுமதி ரூட்டுக்கு மட்டும். எல்லாவற்றையும் சரிசெய்ததும் ஆப்ட் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் ஓடியது. சாவியின் 40 எழுத்துக் கைரேகையை, அதாவது அதை அடையாளம் காட்டும் குறியை, வீட்டு இணைப்பில் ஒருமுறையும் கைபேசி இணைப்பில் ஒருமுறையும் இறக்கி ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றுதான். உருவாக்கியவர்கள் கட்டளைக்குப் பக்கத்திலேயே அந்தக் கைரேகையை அச்சிட்டிருந்தால் இந்தச் சுற்று வேண்டியிருக்காது. சாண்ட்பாக்ஸ் பிழை வரவே இல்லை.

அடுத்த நாள் வேறொன்று. கணினியைத் திறந்ததும் சாவிப்பெட்டகத்தின் கடவுச்சொல்லைக் கேட்டது, அப்பா பயந்துவிட்டார். நான் அவருக்குத் தானாக உள்நுழையும்படி அமைத்திருந்தேன். கடவுச்சொல் போடாமல் உள்ளே வருவதால் பெட்டகம் பூட்டியே கிடக்கிறது. பெட்டகத்தின் கடவுச்சொல்லை வெறுமையாக வை என்றுதான் பல இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். இங்கும் ஒரு பூட்டு! தானியங்கி உள்நுழைவை நிறுத்திவிட்டேன். இப்போது காலையில் ஒரு தடவை கடவுச்சொல், அதோடு எல்லாம் திறக்கிறது. ஏன் என்று விளக்கியதும் அப்பா மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

நேற்று அப்பா அத்தையோடு பாதுகாப்பு எண்ணை (இடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதிசெய்ய, இருவரிடமும் ஒன்றாக இருக்க வேண்டிய எண்ணை) சரிபார்த்தார். பெரிய திரையில் எண்களைப் பார்த்து அவர் தொலைபேசியில் ஒவ்வொன்றாக வாசிக்க, அத்தை அந்தப் பக்கம் ஒத்துப்பார்த்தார். நடுவில் ஒரு இலக்கம் தவறிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் சொல்லவில்லை, அவரே செய்தார்.

உருவாக்கியவர்களுக்கு ஒரு கோரிக்கை எழுதப் போகிறேன். கைரேகையை நிறுவும் பக்கத்திலேயே போடுங்கள், ஆப்ட்-கீ சொல்லும் பழைய பக்கங்களை நீக்குங்கள் என்று. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

---

தட்டச்சுக்காரர்

குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். வேலண்ட் என்ற திரை அமைப்பில் இதே வகைச் செயலிகளில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ் தட்டச்சு வராமல் போகிறது என்றால், செயலியை ஓசோன் தளம் வேலண்ட் என்றும் 'எனேபிள்-வேலண்ட்-ஐஎம்இ' என்றும் குறி கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்பா எழுதத் தொடங்கியதும் இது தேவைப்படலாம்.

---

கட்டளைவரி

கோரிக்கையில் இதைச் சேருங்கள்: தரவுத்தளம் திறக்காதபோது வரும் திரையில், எந்தப் பெட்டகத்திலிருந்து எதற்கு மாறியிருக்கிறது, பழையதைக் கொண்டு திறக்க என்ன கட்டளை என்பதை முதலில் காட்டட்டும். அழிக்கும் பொத்தான் அதற்குக் கீழே, இரண்டாம் முறை உறுதி கேட்ட பிறகு வரட்டும். வரைவை இங்கே போடுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.